சுவரைப் பார்த்துப் படுத்தவர்

எங்கள் வீட்டில் இரண்டு டாக்டர்கள். மனைவி பல் டாக்டர். நான் அதற்கு நேர் எதிர் முனை. சாப்பாடு உள்ளே போகும் வாசலை அவள் கவனித்துக்கொள்கிறாள், வெளியே வரும் வாசலை நான். நடுவில் நடக்கும் எதற்கும் எங்கள் குடும்பம் பொறுப்பில்லை.

படிக்கிற காலத்தில் உடன் படித்தவர்கள் எல்லாரும் இதயத்துக்கும் மூளைக்கும் முண்டியடித்தார்கள். இதயத்துக்கு உலகம் முழுக்கப் பாட்டு இருக்கிறது. மலக்குடலுக்காக யாரும் ஒரு வரி எழுதியதாகத் தெரியவில்லை, எழுதினாலும் பாட ஆள் கிடைக்காது. எந்த கவுண்டரில் வரிசை குறைவோ அங்கே போய் நிற்பது என் பிறவிக் குணம். நின்றேன், உடனே கூப்பிட்டுவிட்டார்கள். அம்மா கடைசிவரை சொந்தக்காரர்களிடம் "பையன் வயித்து டாக்டர்" என்றுதான் சொன்னாள். முழுசாகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆனால் நாலு பேர் கூடும் இடத்தில் எனக்கு இருக்கும் மவுசு இதய டாக்டருக்குக் கிடையாது. கை கழுவப் போனால் போதும், பின்னாலேயே ஒரு பெரியப்பா வந்து குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தின் மறைவில், "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்ப்பா, எனக்கில்ல, தெரிஞ்சவர் ஒருத்தருக்கு" என்று ஆரம்பிப்பார். அந்தத் தெரிஞ்சவருக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டால் தன் கையையே பின்னால் கொண்டுபோவார்.

இந்தத் தொழிலில் எனக்கு ஒரு குறை உண்டு. முகங்கள் மனதில் நிற்பதில்லை.

காரணம் அறையின் அமைப்பு. பரிசோதனைக் கட்டில் சுவரை ஒட்டிப் போடப்பட்டிருக்கிறது. வருகிறவர் இடப்பக்கமாகச் சரிந்து, முழங்காலை நெஞ்சோடு மடக்கி, சுவரைப் பார்த்துப் படுப்பார். அவர் சுவரோடு பேசுவார், நான் அவர் முதுகோடு பேசுவேன். அதற்கு முன் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது உண்மைதான். ஆனால் அப்போதும் நான் காகிதத்தில் குடலின் படம் வரைந்துகொண்டிருப்பேன், என் கண் படத்தில் இருக்கும். உள்ளே இருப்பது மட்டும் மறக்காது. ஒருமுறை வங்கியில் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். யார் என்று சத்தியமாகத் தெரியவில்லை. "நீங்கதான் டாக்டர் எனக்கு ஆபரேஷன் பண்ணீங்க" என்றார். எப்போது, என்ன என்று விசாரித்ததும் ஞாபகம் வந்துவிட்டது. "அடடே, நீங்களா, அந்தப் பெரிய வளைவுக்கிட்ட ரெண்டு முடிச்சு" என்று உற்சாகமாகச் சொன்னேன். பக்கத்தில் அவருடைய மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

"மனுஷங்களை முன்பக்கமாவும் கொஞ்சம் பாருங்க" என்றாள் மனைவி. அவள் பல்லைப் பார்த்தால் ஆளின் பெயர், ஊர், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதுவரை சொல்வாள்.

இந்தக் குறையோடு பல வருஷம் ஓடிவிட்டது. ஒருவர் காணாமல் போனபோதுதான் அது என்னைக் கடித்தது.

மலக்குடலின் கடைசிப் பகுதியில் புற்றுக்கட்டி வந்தால் அந்தப் பகுதியை முழுக்க எடுத்துவிட்டு, வயிற்றில் ஒரு துளை வைத்து, அதன்மேல் பை ஒட்டுவதுதான் வழக்கம். மலம் இனி அந்தப் பையில்தான், வாழ்நாள் முழுக்க. ஆனால் சிலருக்கு அறுவைக்கு முன்னால் கொடுக்கும் கதிரிலும் மருந்திலுமே கட்டி கரைந்து காணாமல் போய்விடுகிறது. கட்டி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் மிஞ்சும். இல்லாத கட்டிக்காக ஒரு மனிதரின் வாசலையே மூடுவானேன், வெட்டாமல் காத்திருந்து பார்ப்போம் என்று ஓர் ஆய்வு நடத்துகிறோம். நான்தான் அதற்குத் தலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் வரவேண்டும். விரலால் தொட்டுப் பார்ப்பேன், குழாய்க் கேமராவால் பார்ப்பேன், பிறகு ஸ்கேன். பெரும்பாலானவர்களுக்குத் திரும்ப வருவதில்லை. சிலருக்கு வரும். வந்தால் சின்னதாக இருக்கும்போதே பிடித்து எடுத்துவிட வேண்டும். விட்டால் அது கல்லீரலைத் தேடிப் போகும், நுரையீரலைத் தேடிப் போகும், பிறகு என்னிடம் கத்தி இருந்தும் பிரயோஜனமில்லை.

சுருக்கமாகச் சொன்னால், வெட்டிப் பிழைக்கிறவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வைத்தியம் இது. அவர்கள் வரவேண்டும் என்ற ஒரே ஒரு கயிற்றில் தொங்குகிறது.

ஒருவர் வரவில்லை.

"போன தடவையும் வரல சார், அதுக்கு முந்தின தடவையும் வரல" என்றார் சிஸ்டர். அவர் எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்தவர், அந்த ஆளைப் பார்த்ததே இல்லை. "நம்பர் உபயோகத்துல இல்லங்குது. வீட்டைக் காலி பண்ணிட்டாங்களாம். வேலை பார்த்த எடமும் மூடிட்டாங்க."

"என்ன வேலை?"

"டிரைவிங் ஸ்கூல்ல மாஸ்டர்."

சட்டென்று ஞாபகம் வந்தது. முகம் இல்லை, குரல். முதல் தடவை நான் விரலை வைத்தபோது சுவரைப் பார்த்துச் சொன்னார்: "மெதுவா விடுங்க டாக்டர், கிளட்ச் மாதிரி."

கோப்பைத் திறந்து பார்த்தேன். படங்கள் நிறைய இருந்தன. எல்லாம் உள்ளே எடுத்தவை. வெள்ளைத் தழும்பு, அதன் ஓரத்தில் சிவப்பு நூலாய் இரண்டு ரத்தக் குழாய். நூறு தழும்புகளுக்கு நடுவே அதை என்னால் அடையாளம் காட்ட முடியும். அதைச் சுமந்துகொண்டு எங்கோ தெருவில் நடக்கிற மனிதர் எதிரே வந்தால் வழிவிட்டுப் போய்விடுவேன்.

ஆய்வின் முடிவுகளை ஒரு கோடாக வரைவோம். யாராவது இறந்தால் கோடு ஒரு படி இறங்கும். தொடர்பு விட்டுப்போனவருக்கு இறங்காது, கோட்டின்மேல் சின்னதாக ஒரு கீறல் மட்டும் போடுவோம். இதற்கு மேல் இவரைப் பற்றி எங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம். உயிரோடும் இல்லை, செத்தவரும் இல்லை. புள்ளியியல் தெரிந்தவர்கள் இதில் தவறே இல்லை என்கிறார்கள். அவர்கள் நன்றாகத் தூங்குகிறார்கள்.

நான் முதுகுகளைப் பார்க்க ஆரம்பித்தேன். ரொட்டிக் கடை வரிசையில் முன்னால் நிற்கிறவரின் முதுகு. பஸ் படியில் ஏறுகிறவரின் முதுகு. சட்டைக்குள் தோள்பட்டை அவருடையதுபோலக் கொஞ்சம் தூக்கியிருந்தால் போதும், அவர் திரும்பும்வரை நிற்பேன். திரும்பினால் யாரோ. யாரோதான் என்று எப்படி உறுதியாகச் சொல்வேன்? திரும்பியவர்களில் ஒருவர் அவராகவே இருந்திருக்கலாம்.

ஆவி என்றால் கால் இல்லாமல் வரும் என்பார்கள். என்னுடையது முகம் இல்லாமல் வந்தது. பரிசோதனை அறையில் கட்டில்மேல் விரித்த காகிதம் கசங்கியிருந்தால் "யார் படுத்தது?" என்று கேட்பேன். "இப்பத்தானே சார் ஒருத்தரைப் பாத்தீங்க" என்பார் சிஸ்டர். கண்ணை மூடினால் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். "ஒண்ணுமில்லையே டாக்டர்?" என்று கேட்பார். பதில் சொல்ல வாயைத் திறப்பேன், அதற்குள் வேறு யாரோ எனக்குப் பின்னாலிருந்து "ஒண்ணுமில்லை" என்பார்கள். திடுக்கிட்டு விழித்தால் மனைவி முறைத்துக்கொண்டிருப்பாள்.

"யாருங்க அது மாஸ்டர்? தூக்கத்துல கூப்பிடுறீங்க."

சொன்னேன். பேரை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன்.

"போய்த் தேடுங்க. இப்படிப் பக்கத்துல படுத்துக்கிட்டுப் புலம்புறதுக்கு அது தேவலை."

பழைய டிரைவிங் ஸ்கூல் இருந்த இடத்தில் இப்போது செருப்புக்கடை. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர், மாஸ்டர் மைதானத்துக்கு எதிரே இருக்கும் பெரிய டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்ததாகக் கேள்வி என்றார். அங்கே போய் வரவேற்பில் பேரைச் சொல்லிக் கேட்டேன்.

"நீங்க யாரு சார்? எதுக்கு?"

இங்கேதான் நாக்கு ஒட்டிக்கொண்டது. மலக்குடல் டாக்டர் என்று சொன்னால் அவருடைய அந்தரங்கத்தை மேசைமேல் கொட்டியது மாதிரி. "தெரிஞ்சவர்" என்றேன். பெரியப்பாக்கள் எல்லாரும் என் வாய்வழியாகப் பேசுவதுபோல இருந்தது.

"தெரிஞ்சவர்னா போன் நம்பர் இருக்குமே" என்றாள் அந்தப் பெண். இன்சூரன்ஸ்காரனையோ போலீஸ்காரனையோ பார்ப்பதுபோல ஒரு பார்வை. "இங்க எல்லாரும் மாஸ்டர்தான் சார். அந்தப் பேர்ல யாரையும் எனக்குத் தெரியாது."

ஒளிகிறவரின் பேரைச் சொல்லிக் கேட்டால் இன்னும் உள்ளே போய்விடுவார் என்று அப்போதுதான் புத்தி வந்தது. "சரி, எனக்கு ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்கணும். சேத்துக்கோங்க" என்றேன்.

இது பொய்யில்லை. இருபது வருஷமாக உரிமம் வைத்திருக்கிறேன், இன்னும் வண்டியைப் பின்பக்கமாக நிறுத்த வராது. பின்பக்கத்தில் இவ்வளவு அனுபவம் உள்ளவனுக்கு இது வரவில்லையே என்று மனைவி எங்கள் வீட்டுக்கு வரும் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள்.

ஒவ்வொரு வகுப்புக்கும் ஒவ்வொரு மாஸ்டர் வந்தார். எல்லாரும் "கிளட்ச்சை மெதுவா விடுங்க" என்றார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, வண்டி நின்றுபோனது. ஒருவர், "சார், உங்களுக்கு வண்டி பிரச்சினையில்ல, கிளட்ச்ங்கிற வார்த்தைதான் பிரச்சினை" என்றார்.

கடைசியில் வந்தவர் அதிகம் பேசாதவர். நரைத்த மீசை, சுத்தமான காலர். கை நீட்டினேன். அவர் என் கையை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் குலுக்கினார். இரண்டு மூன்று வகுப்புகள் அவரோடு போயின. முகத்தை நன்றாகப் பார்த்தேன், எதுவும் எழும்பவில்லை. ஒருநாள் மைதானத்தின் மதில் சுவரை நோக்கிப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் தன் பக்கத்துக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தபடி சொன்னார்.

"போங்க, போங்க. பயப்படாதீங்க. இன்னும் இடமிருக்கு."

ஜன்னல் கண்ணாடி ஏற்றியிருந்தது. குரல் அதில் பட்டுத் திரும்பி வந்தது. நேராகப் பேசியபோது தெரியாத குரல், எதிலோ மோதிக்கொண்டு வந்தபோது தெரிந்துவிட்டது. எனக்கு வியர்த்தது. கால் எதை மிதித்ததோ, அவர் பக்கத்து பிரேக்கை அவர் அழுத்தியதால் மதில் பிழைத்தது.

வண்டி நின்றது. அவர் திரும்பாமலே இருந்தார்.

"எப்பக் கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் டாக்டர்."

"என்னை முதல்லயே தெரிஞ்சுதா?"

"நீங்க மறக்கலாம். நான் எப்படி மறக்குறது? கையை நீட்டினீங்களே."

"ஏன் வரல?"

அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டார்.

"அங்க வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே செத்துப்போயிடுவேன் டாக்டர். சோறு இறங்காது. நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னதும் உயிர் வரும். கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் மறுபடி அடுத்த தேதி. ஒரே ஆளு வருஷத்துக்கு நாலு தடவ சாகறது கொஞ்சம் ஓவர் இல்லையா?"

"எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்."

"எல்லாருக்கும் இருக்கும், சரி. அந்த உறை மாட்டுற சத்தம் இருக்கே, எனக்குப் பின்னாடி, டப்புனு. அது என்கூடவே வீட்டுக்கு வந்துடுச்சு. பொண்டாட்டி பாத்திரம் கழுவ ரப்பர் உறை போட்டா எனக்கு முழங்கால் தன்னால மடங்குது. பின்னாடி யாரோ நிக்கிற மாதிரியே இருக்கும். திரும்பிப் பாத்தா யாரும் இல்ல."

நான் அவரைத் தேடிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவருக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

"வீட்டம்மாவுக்குத் தெரியுமா, நீங்க வர்றதில்லன்னு?"

இப்போதுதான் திரும்பினார். கூச்சப்பட்டுச் சிரித்தார்.

"அவளைப் பொறுத்தவரைக்கும் நான் தவறாம வந்துக்கிட்டுதான் இருக்கேன். லீவு போட்டுட்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போயிடுவேன். சாயங்காலம் வரைக்கும் பெஞ்சுல உக்காந்திருந்துட்டு, வீட்டுக்குப் போய், டாக்டர் ஒண்ணுமில்லன்னுட்டார்னு சொல்லுவேன். வேற என்ன சொன்னார்னு கேப்பா. ஏதாச்சும் சொல்லணுமே. அதனால பெஞ்சுல உக்காந்து யோசிப்பேன், நீங்க என்ன சொல்லியிருப்பீங்கன்னு."

"என்ன சொன்னேன்?"

"நல்லா பேசுவீங்க டாக்டர். தோள்ல கை போட்டு வாசல் வரைக்கும் வந்து விடுவீங்க. கவலப்படாத, நான் இருக்கேன்ல, அப்படின்னுவீங்க. ஜோக் சொல்லுவீங்க. அவ விழுந்து விழுந்து சிரிப்பா. போன தடவை உங்க பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்குன்னு சொன்னீங்க."

"எனக்குப் பொண்ணே இல்லையே."

"தெரியாது. பேச்சு அந்தப் பக்கம் போயிடுச்சு."

நான் சிரித்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு வருஷமாக என் பேரில் ஒரு டாக்டர் வேலை பார்த்திருக்கிறார். என்னைவிட நல்லவர், என்னைவிட நன்றாக ஜோக் சொல்கிறவர், எல்லாரையும் வாசல்வரை வந்து வழியனுப்புகிறவர். கனவில் எனக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னது யார் என்று புரிந்தது.

"அவர் தங்கமான மனுஷன்தான் மாஸ்டர்" என்றேன். "ஆனா அவருக்கு விரல் இல்லை. அவர் உங்களைத் தொட்டுப் பாக்கவே இல்லையே."

அவர் கையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "வர்றேன். ஆனா சுவத்தப் பாத்துப் படுக்கமாட்டேன்" என்றார்.

கட்டிலை இழுத்து அறையின் மறுபக்கத்துக்குத் திருப்பிப் போட்டோம். அவர் கதவையும் சிஸ்டரையும் திரையையும் பார்த்துப் படுத்தார். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த சந்தில் நான் என் தொப்பையோடு செருகப்பட்டேன். உறையைச் சத்தமில்லாமல் போட முயன்றேன். முடியவில்லை, அது சத்தம் போடுவதற்கென்றே செய்தது. அவர் முழங்கால் ஒருமுறை வெட்டி அடங்கியது. சிஸ்டர் அவருடைய ஊரைப் பற்றி ஏதோ கேட்டார். அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

தழும்பு அதே இடத்தில், அதே வழவழப்போடு இருந்தது. அதன் ஓரத்தில், மிளகு அளவுக்கு ஒன்று. விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். அழுத்தினேன். நகரவில்லை.

சந்திலிருந்து வெளியே வந்து சுற்றிக்கொண்டு போய் அவருக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கும் முன்னே அவர் சொன்னார்.

"முகத்தப் பாத்தாலே தெரியுது. இதுக்குத்தான் டாக்டர் சுவரு நல்லாருந்தது."

"சின்னதுதான். வேற எங்கயாவது போயிருக்கான்னு ஸ்கேன்ல பாக்கணும். போகலன்னா எடுத்துடலாம்."

"பை வைக்கணும்."

"வைக்கணும்."

"நான் ஒழுங்கா வந்திருந்தா?"

"இதே ஆபரேஷன்தான். முன்னாடியே பண்ணியிருப்பேன், அவ்வளவுதான்" என்றேன். முன்னாடியே என்ற சொல்லுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. உடையைச் சரிசெய்துகொண்டு கிளம்பும்போது மட்டும், "அவகிட்ட நான் வராம இருந்ததைச் சொல்லிடாதீங்க" என்றார்.

"நானா சொல்லமாட்டேன். ஆனா கேட்டா பொய்யும் சொல்லமாட்டேன்."

ஸ்கேன் முடிவு வரும்வரை நான் யாரிடமும் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை என்று சிஸ்டர் பிறகு சொன்னார். வார்டில் எல்லாரும் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தார்களாம். முடிவு வந்தது. கல்லீரல் சுத்தம். நுரையீரல் சுத்தம்.

அறுவைக்கு முந்தின நாள் வார்டுக்குப் போனபோது அவர் மனைவி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு அடுமனையில் வேலை பார்க்கிறவர். நேராக அங்கிருந்து வந்திருந்ததால் முழங்கைவரை மாவு. என்னைப் பார்த்ததும் எழுந்தார். ரொம்ப நாள் பழகியவர்போல முகம் மலர்ந்தது.

"வாங்க டாக்டர். பொண்ணு கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா?"

நான் கட்டிலைப் பார்த்தேன். மாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

"இவர் சொல்லிச் சொல்லி உங்க வீட்டு ஆளுங்க எல்லாரையும் எனக்குத் தெரியும்" என்றார் அந்த அம்மா. பிறகு மலர்ச்சி மெல்லப் போய்விட்டது. முன்பே தயார் செய்து வைத்திருந்த கேள்வி வெளியே வந்தது. "ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சுக்காதீங்க. போன தடவை ஒண்ணுமில்லன்னுதானே சொல்லி அனுப்பினீங்க? அதுக்கு முந்தியும். அதுக்கு முந்தியும். இப்பத் திடீர்னு இருக்குங்கறீங்க. உங்களுக்குத் தெரியாமப் போச்சா, இல்ல தெரிஞ்சும் சொல்லலையா?"

பக்கத்துக் கட்டில்காரர் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

"சொல்லுங்க டாக்டர். ஒவ்வொரு தடவையும் நீங்க சொன்னதைக் கேட்டுட்டுத்தான் நான் அன்னிக்கு ராத்திரி தூங்கினேன். உங்களை நம்பித்தான் தூங்கினேன்."

நான் சொல்லாத சொல்லை நம்பி ஒருவர் ஒரு வருஷமாகத் தூங்கியிருக்கிறார். தெரியாமல் போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் புருஷன் தப்பித்துவிடுவார். சொல்ல வாய் வந்தும்விட்டது. ஆனால் அப்படிச் சொன்னால் இனி நான் எது சொன்னாலும் அந்த அம்மா தூங்க மாட்டார். என் பேச்சைக் கேட்டு அவர்கள் இன்னும் எத்தனை தேதிகளுக்கு வரவேண்டியிருக்கிறது.

"அவரைக் கேளுங்கம்மா" என்றேன்.

மாஸ்டர் மெல்லப் புரண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டார். பழக்கம்.

"அவர் பாக்கல" என்றார் சுவரிடம். "நான் போகல. ஸ்டேஷன்ல உக்காந்திருந்தேன்."

"எப்ப?"

"நீ சொன்ன எல்லாத் தடவையும்."

அந்த அம்மா அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப, கவலப்படாதன்னு தோள்ல கை போட்டது?"

"நான்தான் சொன்னேன்."

"அந்த ஜோக்கெல்லாம்?"

"நான்தான்."

என் பக்கம் திரும்பினார். "பொண்ணு?"

"எனக்கு ரெண்டு பசங்கம்மா. ரெண்டும் ஆம்பளப் பசங்க. பொண்ணு இல்ல."

அதற்குத்தான் அவருக்கு அழுகை வந்தது. முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நல்ல பொண்ணுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நல்ல இடமா அமையணும்னு வேண்டிக்கிட்டேன்" என்று மாவுக் கையால் கண்ணைத் துடைத்தார். இமையெல்லாம் வெள்ளையானது. எங்களில் யாரிடமும் கைக்குட்டை இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் செய்தித்தாளின் ஒரு தாளைக் கிழித்து நீட்டினார்.

அழுது முடித்துவிட்டுப் புருஷனின் தோளைத் தட்டினார். தட்டு கொஞ்சம் பலமாகவே விழுந்தது. "இந்தப் பக்கம் திரும்புய்யா. எவ்வளவு நேரம் முதுகோட பேசுறது?"

அறுவை நீண்டது. கதிர் பட்ட சதை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. நடுநடுவே எனக்குப் பின்னால் யாரோ நின்று எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. திரும்பவில்லை, திரும்பினால் கை நகர்ந்துவிடும். வெட்டி எடுத்ததை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ஓரங்களில் எங்கும் புற்று இல்லை, முழுசாக வந்துவிட்டது என்று பதில் வந்தது. மயக்கம் தெளிந்ததும் மாஸ்டர் வயிற்றில் இருந்த பையைத் தொட்டுப் பார்த்தார். "சைடுல சைலன்சர் வெச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் திறக்கவில்லை. இமைக்குக் கீழே ஈரம் இருந்தது. அந்த அம்மா பையை மாற்றக் கற்றுக்கொண்டார். மாஸ்டர் கற்றுக்கொள்ள மறுத்து, கோபப்பட்டு, ஒருநாள் உணவுத் தட்டைத் தள்ளிவிட்டு, அப்புறம் கற்றுக்கொண்டார்.

அதற்குப் பிறகும் எனக்குச் சரியாகவில்லை. வேறு யாருக்கோ, எல்லாம் பார்த்து முடித்து, நிச்சயமாகத் தெரிந்து, "ஒண்ணுமில்லை" என்று சொல்வேன். சொல்லி முடித்ததும் அந்தக் குரல் எனக்கே அந்நியமாக இருக்கும். என் குரலைவிட இதமாக, கொஞ்சம் சிரிப்போடு. உறையைக் கழற்றிவிட்டு இன்னொரு உறை போட்டு மறுபடி தொட்டுப் பார்ப்பேன். படுத்திருப்பவர் பதறிப்போய், "என்ன டாக்டர், ஏதாச்சும் இருக்கா?" என்பார். சிஸ்டர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

முதல் தவணைப் பரிசோதனைக்கு இரண்டு பேரும் வந்தார்கள். இனி விரலுக்கு அங்கே வேலையில்லை. நான் தொட்டுப் பார்க்கும் வாசல் தைக்கப்பட்டுவிட்டது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், அவ்வளவுதான். மாஸ்டர் எனக்கு எதிரே உட்கார்ந்தார். காகிதத்தையும் பேனாவையும் எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். இளைத்திருந்தார். இரண்டு வாரமாகச் சோறு இறங்கியிருக்காது. இந்த முறையும் செத்துத்தான் வந்திருந்தார், ஆனால் வந்திருந்தார். அந்த அம்மா நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கல்லீரல், நுரையீரல், இடுப்பு. முதலிலிருந்து மறுபடி பார்த்தேன்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

மாஸ்டரின் தோள் இறங்கியது. அந்த அம்மா அசையவில்லை. என் நெற்றி, கண், வாய் என்று நிதானமாக, மாவில் வண்டு தேடுகிறவர்போலப் பார்த்தார்.

"நீங்கதானே டாக்டர் சொல்றீங்க?"

"நான்தாம்மா" என்றேன். சொல்லிவிட்டு, அவர் பார்க்காதபோது, பின்னால் யாரும் இல்லை என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.